ரமணா, சிரமம்!

வாடா பேராண்டி, திண்ணையில உக்காரு. மதிய வெயில்ல போனைத் தூக்கிக்கினு நம்ம திருவண்ணாமலை ரமணா நகர் பூரா அலைஞ்சியே, பாத்துக்கினுதான் இருந்தேன். தெருப் பேரையெல்லாம் மேப்புல ஏத்துறியாமே? ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்புன்னு 2004-ல இங்கிலாந்துல ஒருத்தர் ஆரம்பிச்சாராம், யாரு வேணா எழுதலாம், யாரு வேணா திருத்தலாமாம். நம்ம ஊர்ல யாரு வேணா திருத்தலாம்னு சொன்னா என்ன ஆவும்னு அவருக்கு யாரும் சொல்லலை போல. சரி, எங்க போய் முட்டிக்கின?

மணக்குள விநாயகர் தெருவா! நல்ல இடம்தான். நகராட்சி போர்டுல நரிக்குப் போடுற 'ந' போட்டு விநாயகர். அதுக்கு எதிர்ல ரூம் வாடகை போர்டுல ரெண்டு சுழி 'ன' போட்டு வினாயகர். முக்குல ஒரு டீக்கடை ஸ்டிக்கர்ல விநாயகரை விட்டுட்டு, மணக்குளத்தையே மனக்குளம் ஆக்கி வச்சிருக்கான். பாண்டிச்சேரியில மணல் குளத்தாண்ட இருந்த பிள்ளையாருடா அவரு. மணல் குளம் தேஞ்சு மணக்குளம் ஆச்சு. ஒரு சுழி கொறைஞ்சா மணல் போய் மனசு வந்துடுது. இங்க வர்றவங்க எல்லாம் மனசுக்குள்ள எறங்கிப் பாக்கத்தானே வர்றாங்க? பேசாம மனக்குளம்னே போட்டுடு. அடுத்த மாசமே வாடகை ரெண்டு பங்கு ஏறும்.

சிரிக்காத, சமாச்சாரம் இருக்குது. நம்ம ஆளுங்க வாய்ல பேரு கெடுறது கொஞ்சம்தான். இங்கிலீஷுக்குப் போயிட்டுத் திரும்பி வரும்போதுதான் மூஞ்சியே மாறிப்போவுது. கோயில் மதிலை ஒட்டி வட ஒத்தவாடைத் தெரு இருக்குதே, அதுல ஒரு பக்கம் மதில், இன்னொரு பக்கம்தான் வீட்டு வரிசை. ஒத்தை வரிசை, அதான் ஒத்தவாடை. புத்தகத் தமிழ்ல ஒற்றைவாடை. ஒத்தவாடையை இங்கிலீஷ்ல எழுதினவன் ஒரு 'த்'தை விட்டான். அந்த இங்கிலீஷை மிஷின்ல போட்டுத் தமிழாக்கினவனுக்கு 'ஓதவாடை'ன்னு வந்துது. வேதம் ஓதுற தெருன்னு விளக்கமும் குடுத்தான் பாரு, அவன் காலைத் தொட்டுக் கும்பிடணும்.

திருவூடல் தெருவும் அப்படித்தான். மாட்டுப் பொங்கல் அன்னைக்கு அண்ணாமலையாருக்கும் உண்ணாமுலை அம்மனுக்கும் சண்டை நடக்கிற தெரு. இங்கிலீஷ்ல ரெண்டு 'ஓ' எழுத்தைப் பாத்ததும் மிஷின் அதைத் திருவோடல்னு படிக்குது. ஊடல்னா திரும்பி வந்து சேந்துக்குவாங்க. ஓடல்னா குடும்பம் இன்னாத்துக்கு ஆவும்?

என் பேரையே எடுத்துக்கோ. இந்த ஊர்ல கல்லை விட்டா அது ஒரு அண்ணாமலை மேலதான் விழும், நானும் ஒரு அண்ணாமலை. நான் பள்ளிக்கூடத்துல கத்துக்கிட்டப்ப 'ணா'வுக்குத் தனியா கால் கிடையாது, சுழிச்சுக் கீழ இழுக்கணும். 'லை'க்கு முன்னாடி யானைத் தும்பிக்கை வரும். 1978-ல எம்.ஜி.ஆர். ஆட்சியில பெரியார் எழுத்துன்னு மாத்தினாங்க. கை பழக்கத்தை யாரு மாத்துறது? இன்னைக்கும் என் கையெழுத்துல தும்பிக்கை இருக்குது. ஒரு பேங்குல அந்தப் பொண்ணு பாத்துட்டு, "தாத்தா, இது தமிழா?"ன்னு கேட்டுச்சு. ரேஷன் கார்டுலயோ நான் ரெண்டு சுழி அன்னாமலை. ஒரே ஆளு, மூணு எழுத்து. அரிசி இன்னமோ ஒரு பங்குதான் குடுக்கிறாங்க.

ரமணாசிரமத்துப் பேருக்கு வருவோம். அந்த ஆட்டோ முதுகுல பாத்தியா? இடம் பத்தாம 'ரமணா'ன்னு மேல, 'சிரமம்'னு கீழ எழுதியிருக்கான். செங்கம் ரோட்டுல பௌர்ணமி அன்னைக்கு ஆட்டோ ஓட்டுறவனுக்கு அதுதான் சரியான எழுத்து, நீ திருத்தாத! புலவர் ஒருத்தர் இருக்காரு, தமிழ்ல 'ர' முதல்ல வராது, 'இரமணாச்சிரமம்'னு போடணும்னு சண்டைக்கு வருவாரு. இலக்கணம் அவரு பக்கம்தான். பஸ் ஸ்டாண்டுல எறங்கி அவரே இரமணாச்சிரமம் போகணும்னு கேக்கட்டும், அவரை எங்க கொண்டுபோய் விடுறாங்கன்னு பாப்போம்.

இதுல வேடிக்கை இன்னான்னா, அந்தப் பேருக்கு உடையவரு வெங்கடராமன். 1896-ல பதினாறு வயசுல மதுரையில லெட்டர் எழுதி வச்சிட்டு இங்க வந்தாரே, அந்த லெட்டர்ல கையெழுத்துப் போடுற இடத்துல பேரே இல்லை, ஒரு கோடுதான். ரமண மகரிஷின்னு பேரு 1907-ல காவ்யகண்ட கணபதி முனி வச்சது. கோடு போட்டுட்டு வந்தவரு பேருக்கு 'ர'வா 'இர'வான்னு நாம கோடு கிழிச்சுக்கினு நிக்கிறோம்.

கவர்மெண்டும் ஒரு தடவை எறங்கிப் பாத்துச்சு. 1,018 ஊருக்கு இங்கிலீஷ் எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு மாத்தின உத்தரவு 2020 ஜூன்ல வெளிய வந்துச்சு. வேலூருக்கு 'ஈ' ஒண்ணு கூடிப்போய், படிச்சவன் எல்லாம் வீலூர்னு படிச்சான். அதே மாசம் வாபஸ். ஆனா தப்பா எழுதினவனையும் ஒரேயடியா திட்டாத. இந்த ரோடு போற செங்கம், பழைய பாட்டு மலைபடுகடாத்துல செங்கண்மா. நாம 'மா'வைத் தொலைச்சிட்டோம். 1767-ல ஐதர் அலியோட சண்டை போட வந்த வெள்ளைக்காரன் 'சங்கமா'ன்னு எழுதி வச்சிருக்கான். திருவண்ணாமலையை 'டிரினோமலி' ஆக்கின அதே ஆளுங்கதான்.

அதனால கேளு. உங்க மேப்புல பேருக்கு ஒரே கட்டம் இல்லையாம். தமிழ்ப் பேரு, இங்கிலீஷ் பேரு, மாத்துப் பேரு, பழைய பேருன்னு தனித்தனியா இருக்குதாம், உன் கூட்டாளிதான் சொன்னான். கட்டம் இத்தனை இருக்க நீ எதுக்கு ஒத்தைக் காலுல நிக்கிற? இடத்துல இருக்கிறதை எழுதுன்னு உங்க ஆளுங்க விதி. இடத்துல மூணு போர்டு இருந்தா, அந்தத் தெருவுல நாப்பது வருஷம் பூ விக்கிற கெழவியைக் கேளு, லெட்டர் குடுக்கிற தபால்காரரைக் கேளு. அதைத் தமிழ்லயே முதல்ல எழுது, அப்புறம் இங்கிலீஷுக்குப் போ. புலவரோட இரமணாச்சிரமத்தை மாத்துப் பேருல போடு, அவருக்கும் தூக்கம் வரும். ஒத்தவாடைக்குப் பக்கத்துல ஒற்றைவாடையையும் போடு. சீக்கிரம் முடி. 2024-ல மாநகராட்சி ஆயிட்டோம், புது போர்டு வரும், கூடவே புதுத் தப்பும் வரும்.

நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வா, ஒத்தவாடைக்கு நானே கூட்டிக்கினு போறேன். டீக்காசு உன்னுது.