கல்லுக்குச் சொக்காய்

டுனெடின், நியூசிலாந்து
ஆடி மாதம்

திருத்தணியில் எழுந்தருளியிருக்கும் பெரியம்மா அவர்களுக்குத் தங்கை மகன் வணக்கத்துடன் எழுதுவது.

இக்கடிதத்துடன் வந்து சேரும் பொட்டலத்தில் உள்ள மூன்று பொருள்களும் கம்பளிக் கூழாங்கற்கள் எனப்படும். வழுவழுப்பான கல்லின் மேல் ஆட்டு ரோமத்தைச் சுற்றி, வெந்நீரும் சோப்பும் விட்டுக் கையால் தேய்த்து, அந்த ரோமம் தையலோ முடிச்சோ இல்லாமல் தானாகவே இறுகித் தோல்போல் கல்லைக் கவ்விக்கொள்ளுமாறு செய்யப்படும் அலங்காரப் பொருளுக்கு அப்பெயர். இவற்றைப் பற்றித் தொலைபேசியில் தெரிவிக்கப்பட்டபோது, "கல்லுக்கு எதுக்குடா சொக்காய்?" என்று பெரியம்மா அவர்கள் எழுப்பிய வினா சுருக்கமானதாயினும் அடிப்படையானது, தொலைபேசியிலேயே அதற்கு விடை கூற முயன்று இருமுறை தோல்வி கண்டமையால், அதனை முறைப்படி ஆராய்ந்து எழுத்தில் விடை அளிப்பதே இக்கடிதத்தின் நோக்கமாகும்.

துணி என்பது நெய்யப்படுவது அல்லது பின்னப்படுவது என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. இவ்விரண்டிலும் சேராத மூன்றாம் வகை ஒன்று உண்டு, அதில் நூலும் இல்லை, தறியும் இல்லை, ஊசியும் வேண்டியதில்லை. தமிழ்க் கடைக்காரர்களும் ஃபெல்ட் என்றே குறிப்பிடும் அந்த வகையைச் சிக்குத்துணி என்று அழைத்தால் பொருள் கெடாது, ஏனெனில் நடப்பது உண்மையில் சிக்குவிழுதல்தான். ஆட்டு ரோமத்தின் ஒவ்வொரு இழையும் வெறுங்கண்ணுக்கு மழமழப்பாகத் தோன்றினாலும், உருப்பெருக்கியில் நோக்கினால் அதன் மேல் செதில்கள் ஓட்டுக்கூரையின் ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக, நுனியை நோக்கிச் சரிந்து அடுக்கப்பட்டிருப்பது தெரியவரும். வெந்நீரில் இழை ஊதுகிறது, சோப்பின் காரத்தில் செதில்கள் சற்றே விரிகின்றன, தேய்க்கும்போது இழைகள் நகர்கின்றன; ஆனால் நெற்கதிரைச் சட்டைக் கைக்குள் விட்டுக்கொண்ட சிறுவன் கையை எப்படி ஆட்டினாலும் அது மேலேயே ஏறுவதுபோல, இழையும் வேர்ப்பக்கமாக மட்டுமே நகர முடியுமே தவிரப் பின்வாங்க இயலாது. இவ்வாறு பல்லாயிரம் இழைகள் ஒன்றோடொன்று நுழைந்து, நுழைந்த இடத்திலேயே மாட்டிக்கொள்கின்றன. பருத்திக்கு இத்தகைய செதில் இல்லாததால், திருத்தணியின் வண்ணார் எத்தனை வேகத்தில் அடித்துத் துவைத்தாலும் வேட்டி சிக்குத்துணி ஆவதில்லை.

இது புதிய கண்டுபிடிப்பும் அன்று. சைபீரியாவின் அல்தாய் மலைப்பகுதியில் பசிரிக் என்னும் இடத்தில், பனியில் உறைந்து கிடந்த ஏறத்தாழ 2,400 ஆண்டுப் பழமையான கல்லறைகளிலிருந்து சிக்குத்துணித் திரைகள் நிறம் மங்காமல் எடுக்கப்பட்டுள்ளன. காஷ்மீரத்தில் தரையில் விரிக்கப்படும் நம்தா என்னும் விரிப்பும் இவ்வகையினதே. தமிழ்நாட்டின் வடமாவட்டங்களில் இக்கலை வேர்கொள்ளாததற்கு ஆடுகளே பொறுப்பு. திருவள்ளூர், செங்கல்பட்டுப் பகுதிகளில் மேயும் மெட்ராஸ் சிவப்பு என்னும் செம்மறி இனம் கம்பளி தராத, குட்டை முடி மட்டுமே உள்ள இனமாகும்; அதனால் திருத்தணியில் வளர்ந்த ஒருவர் செம்மறியாட்டைக் கண்டதும் நினைப்பது குழம்பைத்தானே ஒழியக் குளிராடையை அன்று. மென்மையான கம்பளிக்கு நீலகிரி வரை செல்லவேண்டும். அங்கு உதகைக்கு அருகில் சாண்டிநல்லாவில் உள்ள ஆராய்ச்சி நிலையம் நீலகிரி இன ஆடுகளைப் பேணி வருகிறது.

நியூசிலாந்தின் நிலை நேர்மாறானது. 1982-இல் இந்நாட்டில் ஏழு கோடி ஆடுகள் இருந்தன; அதாவது மனிதர் ஒருவருக்கு இருபதுக்கும் மேற்பட்டவை. இன்று அத்தொகை இரண்டரைக் கோடிக்கும் கீழே இறங்கிவிட்டாலும், ஐம்பது இலட்சத்தைச் சற்றே தாண்டிய மக்களைச் சிறுபான்மையினராக வைத்திருக்க அது போதுமானது. ஆடுகளுக்கு இங்குள்ள மதிப்பை விளக்க ஒரே ஒரு செய்தி போதும்: ஷ்ரெக் என்ற மெரினோ ஆடு ஆறு ஆண்டுகள் குகைகளில் ஒளிந்து கத்தரிக்குத் தப்பி வாழ்ந்து, 2004-இல் பிடிபட்டபோது, அதற்கு முடியிறக்கும் நிகழ்ச்சி தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பாயிற்று, இறங்கிய கம்பளி 27 கிலோ. திருத்தணி முருகன் மலையில் ஆண்டுதோறும் முடிகாணிக்கை செலுத்துவோரில் எவருக்கும் இப்பேறு வாய்த்ததாகத் தெரியவில்லை.

இத்தகைய நாட்டில் குடியேறிய தங்கை மகனுக்குச் சிக்குத்துணியின் அறிமுகம் தற்செயலாகவே கிட்டியது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுப்போர் வியர்த்து வழியும் அதே நாட்களில் டுனெடினில் நடுக்குளிர்காலம் நிலவுவதாலும், நண்பகலிலும் வெப்பம் பத்துப் பாகையை ஒட்டியே நிற்பதாலும், முதல் ஆண்டிலேயே விலையுயர்ந்த கம்பளிச் சட்டை ஒன்று வாங்கப்பட்டது. பெரியம்மா அவர்கள் கற்பித்த தூய்மை நெறிப்படி அது நல்ல வெந்நீரில் சலவை இயந்திரத்தில் போடப்பட்டது. வெளிவந்தபோது கொலுவில் வைக்கும் செட்டியார் பொம்மைக்குப் பொருந்தும் அளவில், பலகைபோல் விறைத்து இருந்தது. அண்டை வீட்டு மூதாட்டி அதைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்து, மிகத் தரமான ஃபெல்ட் என்று பாராட்டியதோடு, அடுத்த முறை வேண்டுமென்றே செய்து பார்க்கலாம் என்று கூறி, கல்லையும் கம்பளித் திரியையும் கொணர்ந்து கற்பித்தார்.

செய்முறை கொழுக்கட்டை பிடிக்கத் தெரிந்தவருக்கு எளியது. உள்ளங்கையில் அடங்கும் தட்டையான கல் பூரணம். சீவி நீட்டிய கம்பளித் திரி மேல்மாவு. திரியைக் கத்தரியால் வெட்டலாகாது, வெட்டினால் இழைமுனைகள் மொண்ணையாகிப் பிடிப்புக் குறையும். இரு கைகளையும் ஒரு சாண் தள்ளிப் பிடித்து மெல்ல இழுத்தால் பஞ்சுபோல் பிரிந்துவரும். அப்பிரிசல்களைக் கல்லின்மேல் முதலில் நெடுக்காகவும், பின் அதற்குக் குறுக்காகவும், மீண்டும் நெடுக்காகவும் மெல்லிய அடுக்குகளாகச் சுற்றவேண்டும்; தடித்த ஒரே அடுக்காகச் சுற்றும் பொறுமையற்றவரின் கல்லில் மடிப்பு விழுந்து அது முதியவரின் கன்னம்போல் ஆகிவிடும். கடைசியில் வேறு நிற இழைகளைக் கோடுபோல் வைக்கலாம். இந்த உருண்டையைப் பழைய நைலான் காலுறைக்குள் இட்டு முடிந்து, கை பொறுக்கும் சூட்டில் சோப்புத் தண்ணீரில் நனைத்து, முதல் ஐந்து நிமிடம் தேய்க்காமல் அமுக்க மட்டுமே வேண்டும். அவசரப்படுவோர் அனைவரும் தவறுவது இவ்விடத்தில்தான். பிறகு இரு உள்ளங்கைகளுக்கு இடையே வைத்து, முதலில் மெதுவாகவும் பின்னர் சினம் கொண்டவர் போலவும் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் உருட்டவேண்டும். நுரை மிகுந்தால் இழைகள் வழுக்கி விலகும், சோப்பு குறைந்தால் கை உரசி ரோமம் கிளம்பும். பதம் அறியக் கிள்ளிப் பார்ப்பதே வழி: தனி இழை விரலோடு வந்தால் இன்னும் உருட்டவேண்டும், மேல்தோல் முழுதும் ஒன்றாக எழும்பினால் ஆயிற்று. குளிர்ந்த நீரில் அலசி, கடைசி அலசலில் சிறிது வினிகர் விட்டுச் சோப்பின் காரத்தைப் போக்கி, இரண்டு நாள் உலர்த்தினால் பணி முடிந்தது.

இயந்திரச் சலவைக்கு ஏற்றது என்ற சீட்டுடன் விற்கப்படும் கம்பளி இதற்கு ஆகாது. அதன் செதில்கள் குளோரினால் மழுக்கப்பட்டு, மேலே பிசின் பூசப்பட்டிருக்கும். இவ்வுண்மை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும், இரண்டு கைகளின் தோலையும் செலவிட்டு அறியப்பட்டது.

கற்களைப் பொறுத்தவரை, அவை தோட்டப் பொருள் விற்கும் கடையில் விலைக்கு வாங்கப்பட்டவை. இச்செய்தி பெரியம்மா அவர்களுக்கு வருத்தம் அளிக்கும் என்பது தெரிந்ததே. முருகன் மலையின் 365 படிகளைச் சுற்றிலும் கல்லன்றி வேறொன்றும் இல்லாத ஊரில் பிறந்தவர் கல்லை எடைபோட்டு வாங்கினார் என்பது ஊரார் அறியாமல் காக்கப்படவேண்டிய செய்தியாகும். கூழாங்கல்லின் பயனைத் திருவள்ளூர் மாவட்டத்தைப்போல் நெடுங்காலம் அறிந்த பகுதிகள் உலகில் அதிகம் இல்லை: கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் உள்ள அத்திரம்பாக்கத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-இல் கண்டறிந்த தலத்தில், ஆதிமனிதர் குவார்ட்சைட் கற்களைக் கொத்திக் கைக்கோடரி செய்த காலம் ஏறத்தாழ பதினைந்து இலட்சம் ஆண்டுகளுக்கு முந்தையது என்று 2011-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. அத்தனை காலம் கல்லை உடைத்துப் பயன்கண்ட நிலத்தின் பிள்ளை, உடைக்காமல் அதற்குச் சட்டை போடுகிறார் என்பதே பெரியம்மா அவர்களின் வினாவுக்குள் மறைந்திருக்கும் குற்றச்சாட்டு.

அதற்கு விடை இரண்டு. கல்லுக்குத் துணி சாத்துவது திருத்தணியில் தினமும் நடப்பது. சந்தனமும் பட்டும் சாத்தியபின் அது கல் என்று சொல்ல எவருக்கும் துணிவு வருவதில்லை. இரண்டாவதாக, பொருள்கள் கடல் கடந்தால் தொழில் மாறுவது இந்நாட்டில் புதிதன்று. வில்லியம் கொலென்சோ என்ற மதப்பரப்பாளர் 1836 வாக்கில் வாங்கரேய் அருகே மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு வேகவைத்துக் கொண்டிருந்த வெண்கலப் பாத்திரத்தைப் பார்த்தபோது, அது உடைந்த கப்பல் மணி என்பதும், அதன்மேல் தமிழில் முகையதீன் பக்சு என்பவரின் கப்பலுடைய மணி எனப் பொறித்திருப்பதும் பின்னர் தெரியவந்தன. இன்று அது வெலிங்டனில் தெ பாப்பா அருங்காட்சியகத்தில் உள்ளது. இடம் பெயராமலே முகவரி மாறியவற்றுக்கும் சான்று தேடவேண்டியதில்லை: திருத்தணியே 1960 ஏப்ரல் 1 அன்று ஓர் அங்குலமும் நகராமல் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்குக் குடிபெயர்ந்த ஊர்.

அனுப்பப்பட்டுள்ள மூன்றில் சாம்பல் நிறக் கல் பெரியப்பா அவர்களின் பத்திரிகைகள் மின்விசிறிக் காற்றில் பறக்காமல் இருக்க. பச்சைக் கோடிட்டது வாசல் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க. மஞ்சள் நிறத்தது எதற்கும் பயன்படாதது, அழகுக்காக மட்டுமே. இவற்றுள் எதையும் குளியலறையில் குதிகால் தேய்க்க எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதும், பூஜை மாடத்தில் வைத்து விபூதி இடவேண்டாம் என்பதும் பணிவான வேண்டுகோள்கள். இரண்டும் ஏற்கெனவே நடந்துவிட்டிருந்தால் கவலை இல்லை. வெந்நீரில் சோப்புப் போட்டு எவ்வளவு வேண்டுமானாலும் தேய்த்துக் கழுவலாம், மேலும் இறுகுமே தவிரக் கெடாது.

இங்ஙனம்,
தங்கை மகன்