வேனின் பின்னறையில் திணை மயக்கம்: ஜாலான் புசார் சான்றுகளை முன்வைத்து

வார நாளில் ஏர்கான் வேலைக்கும் சனிக்கிழமையில் மீன்பிடிக்கவும் ஒரே வேனை ஓட்டுகிறவர் அதன் பின்னறையில் எதை எங்கே வைக்கிறார், ஏன் அங்கே வைக்கிறார், வைத்த இடத்தில் அது ஏன் இருப்பதில்லை என்னும் மூன்று வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது. ஆய்வுக்களம் சிங்கப்பூரின் ஜாலான் புசார். இரும்புச் சாமான் கடைகளுக்குப் பேர்போன இந்த வட்டாரத்தில் வேன்கள் வந்து நின்று, பின்கதவைத் தூக்கி, உள்ளிருப்பதை ஒளிக்காமல் காட்டுகின்றன. ஆய்வாளர் எதிர்க் காப்பிக்கடையில் ஒரு கோப்பி-ஓ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் போதும்.

முதலில் நிலத்தை அளந்துகொள்வோம். எங்கும் கண்ணில்படும் டொயோட்டா ஹையேஸின் நீளம் 4,695 மில்லிமீட்டர், அகலம் 1,695. ஜப்பானில் ஒரு வண்டி சிறிய வாகனமாகப் பதிவாக வேண்டுமானால் 4.7 மீட்டர் நீளத்தையும் 1.7 மீட்டர் அகலத்தையும் தாண்டக் கூடாது. அந்த விதிக்கு அஞ்சி ஒடுங்கிய உடம்புக்குள்தான் நம்மவர் தம் ஏணியை நுழைக்கப் பார்க்கிறார். பின்னறை ஏறத்தாழ 3 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 1.3 மீட்டர் உயரம். 6 கன மீட்டருக்குச் சற்றுக் குறைவு.

இந்த இடத்துக்கு வாடகை உண்டு. சரக்கு வாகனங்களுக்கான சி பிரிவு வாகன உரிமைச் சான்றிதழ் (சிஓஇ) அண்மை ஆண்டுகளில் 70,000 வெள்ளியைத் தாண்டிப் போயிருக்கிறது. அது 10 ஆண்டுக்கு. வகுத்துப் பார்த்தால் நாளுக்கு 19 வெள்ளிச் சொச்சம். கன மீட்டருக்கு 3 வெள்ளி 28 காசு. வேனின் விலை, டீசல், சீசன் பார்க்கிங் எல்லாம் தனி. வெளியளவில் 60 லிட்டர் வரும் ஐஸ்பெட்டி ஒன்று சும்மா உட்கார்ந்திருக்கவே நாளுக்கு 20 காசு தின்கிறது. வாரம் ஒருநாள் மட்டும் அதற்கு வேலை என்பதால், தூண்டில் போடும் ஒவ்வொரு சனிக்கிழமையும் 1 வெள்ளி 40 காசு பற்று. அதில் ஏறும் மீனின் அளவைப் பார்த்தால் தேக்கா சந்தைக்கு நடந்து போவதே சிக்கனம். ஆயினும் சிக்கனம் இக்கட்டுரையின் பொருளன்று.

இனிப் பாகுபாடு. தொல்காப்பியர் நிலத்தைப் பகுத்த முறை வேனுக்கு இவ்வளவு பொருந்தும் என்று உரையாசிரியர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். கூரைமேல் இருக்கும் கம்பிச்சட்டம் குறிஞ்சி. உயர்ந்த இடம், உரிப்பொருள் புணர்தல். ஏணியும் கயிறும் அங்கே புணர்கின்றன; அந்த முடிச்சை அவிழ்க்க அரைமணி நேரம் ஆவதே சான்று. பல அடுக்குக் கார்நிறுத்துமிடத்தின் உயரக் கம்பியில் ஏணி இடிக்கும்போது இடியோசையும் கேட்கும்.

பக்கவாட்டு அலமாரி முல்லை. உரிப்பொருள் இருத்தல். ஸ்குரூ, வாஷர், சிலிக்கோன், எந்த இயந்திரத்திலிருந்து வந்தது என்று தெரியாத ரப்பர் வளையம் எல்லாம் டப்பாக்களில் அமர்ந்து தலைவன் வரவை நோக்கிக் காத்திருக்கின்றன. சில ஆண்டுக்கணக்காக. இந்த அலமாரியைத் தாங்கும் துளைபோட்ட ஆங்கிள் இரும்பு 1940களில் லண்டனில் டிமெட்ரியஸ் கொமினோ என்பவர் கொண்டுவந்தது. வெட்டி, போல்ட் போட்டு, வேண்டாதபோது கழற்றி மாற்றலாம் என்பதே அதன் பெருமை. வேனில் பூட்டிய பிறகு அதை யாரும் கழற்றியதாகத் தெரியவில்லை.

நடுத்தரை மருதம், உரிப்பொருள் ஊடல். மகளின் சைக்கிளும் ஏர்கானுக்கு நிரப்பும் கேஸ் உருளையும் ஒரே இடத்துக்குப் போட்டியிடுவதால் ஊடல் பொருள்களோடு நிற்காமல் முன் இருக்கைவரை பரவுகிறது. பின்கதவோரம் நெய்தல். ஐஸ்பெட்டி, வலை, ஈரச் செருப்பு, வடியும் உப்புநீர். இரங்கலுக்குக் காரணம் கேட்கவே வேண்டாம். பாலைக்கு மட்டும் தனி நிலம் இல்லை. பழைய இலக்கணமும் அப்படித்தான் விட்டுவைத்திருக்கிறது. வேனில் பாலை என்பது, கருவிப்பெட்டியில் 10-12 அளவு ஸ்பானரின் வடிவில் இருக்கும் பள்ளம். ஸ்பானர் பிரிந்து போனது. யாரோ இரவல் கேட்டார்கள்.

இவ்வளவு தெளிவாக வகுத்த பின்னும் பொருள் ஏன் கிடைப்பதில்லை? இதற்கு விடை தெருப்பலகைகளிலேயே இருக்கிறது. முதல் உலகப்போர்த் தளபதிகளின் பெயர்கள் இவ்வட்டாரத் தெருக்களில் மண்டிக் கிடக்கின்றன: கிச்சனர், ஃபோக், பேத்தான், ஜெலிக்கோ. அவற்றுள் டவுன்ஷெண்ட் ரோடும் மோட் ரோடும் சேமிப்பியலார் கட்டாயம் நடந்து பார்க்க வேண்டியவை. டவுன்ஷெண்ட் 1915 டிசம்பரில் ஈராக்கின் கூட் நகரில் துருக்கியரால் முற்றுகையிடப்பட்டார். கையிருப்பு கொஞ்ச நாளைக்குத்தான் வரும் என்று செய்தி அனுப்பினார். அதை நம்பி மீட்புப்படை அரைகுறை ஆயத்தத்தோடு அவசரமாகப் புறப்பட்டு அடிவாங்கியது. அதன்பின் ஊருக்குள் தேடிப் பார்த்தால் தானியம் இன்னும் இருந்தது. 1916 ஏப்ரல் 29 அன்று அவர் சரணடைந்தபோது அவரோடு சிறைப்பட்ட ஏறத்தாழ 13,000 பேரில் பெரும்பாலோர் இந்தியர். வேனில் இருக்கும் டேப்பை மறந்துவிட்டுக் கடையில் புதிது வாங்குகிறவரிடம் இதைச் சொன்னால், “நான் யாரையும் சாகடிக்கலையே” என்பார். உண்மைதான்.

மோட் நேர் எதிர்மாறு. சேமிப்பு, போக்குவரத்து, படகு, எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி முடிக்காமல் ஓர் அடி எடுத்து வைக்காதவர். அதற்காகவே படையில் பட்டப்பெயர் வாங்கியவர். 1917 மார்ச்சில் பாக்தாதைப் பிடித்தார். அதே ஆண்டு நவம்பரில் காலராவில் இறந்தார். காய்ச்சாத பால் ஊற்றிய காப்பி காரணம் என்று சொல்வதுண்டு. எவ்வளவு லேபிள் ஒட்டினாலும் காப்பிக்கு முன்னால் செல்லாது.

ஆனால் டவுன்ஷெண்ட் மரபைச் சேர்ந்தவர்களை மட்டும் குறைசொல்ல இக்கட்டுரைக்கு மனமில்லை. இங்கே ஒரு புறக்காரணமும் உண்டு. சுங்கை ரோடு சந்தை இருந்தவரை பழைய ட்ரில், ஒற்றை ஸ்பீக்கர், கைப்பிடி இல்லாத சுத்தியல் எல்லாம் வேனைவிட்டு இறங்க ஒரு வழி இருந்தது. 2017 ஜூலை 10 அன்று சந்தையை மூடினார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் ஜாலான் புசார் எம்ஆர்டி நிலையம் திறந்தது. ஆள்கள் வந்து போக வழி பிறந்தது; சாமான்கள் வெளியேறும் வழி அடைபட்டது. சட்டமும் உதவிக்கு வராது. வண்டியின் பக்கத்தில் அதிகபட்ச எடையை எழுதச் சொல்கிறதே தவிர, உள்ளே என்ன கிடக்கிறது என்று கேட்பதில்லை.

ஆகவே வேன்காரர்கள் தாமே ஒரு தீர்வு கண்டார்கள். திணை மயங்கலாம், நிலம் மயங்கக் கூடாது என்னும் பழைய விதியை அறியாமலே கைக்கொண்டார்கள். அலமாரி அசைவதில்லை, அதிலுள்ளவை வேலை மாறுகின்றன. கூரைமேல் மூடிபோட்ட பிவிசி குழாயில் வார நாளில் வயர் உறைகள். சனிக்கிழமை தூண்டில்கள், பிடோக் படகுத்துறைக்கு. கம்ப்ரெசரைச் சுற்றும் போர்வை பிற்பகலில் பாய். தைப்பூசத்துக்கு முந்திய வாரம் அலமாரியில் ஸ்குரூ இருந்த இடத்தில் காவடியின் மயிலிறகுத் தட்டுகள். வளைவுச் சட்டங்களை இறுக்க எடுப்பது அதே ஸ்பானர் பெட்டி. பெருமாள் கோவிலில் காவடி எழும்பிய பின் அந்த வேன் டேங்க் ரோட்டுக்குப் போய்க் காத்திருக்கிறது, கழற்றியதைத் திரும்ப ஏற்ற. இரண்டு வேலை செய்யத் தெரிந்த பொருள் 20 காசு வாடகையைக் கட்டிவிடுகிறது. ஒரே வேலை தெரிந்த பொருள்தான் காணாமல் போகிறது.

ஞாயிறு இரவில் மீன்பிடிச் சாமானை இறக்குவதா என்பதில் இரு கொள்கைகள் உள. இறக்கி, வீட்டில் வைக்க வேண்டும் என்பர் ஒரு சாரார். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் அதற்குரிய இடம், போர்க்காலத்தில் ஒளிந்துகொள்ளத் தடித்த சுவரும் இரும்புக்கதவும் வைத்துக் கட்டிய பாம் ஷெல்ட்டர். தீபாவளிப் பலகாரத் தகர டின்கள், பழைய குக்கர், அரிசி மூட்டை, கிரைண்டர் ஆகியவை அதை முன்பே கைப்பற்றிவிட்டன. “அங்க இடம் இல்லைங்க, வேன்லயே கிடக்கட்டும்” என்று சமையலறையிலிருந்து தீர்ப்பு வரும். அதன்மேல் முறையீடு செய்தவர் எவரும் இந்த ஆய்வில் அகப்படவில்லை.