‘ஒரிஜினல்’: உதிரிபாகத் தொகையியலுக்கு ஒரு முன்னுரை

கார் உதிரிபாகங்களைப் பற்றி மேஸ்திரிகள் பேசியிருக்கிறார்கள், புலவர்கள் பேசவில்லை. அக்குறை தீர எழுந்தது இக்கட்டுரை.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மூலம் என் மாருதி 800. 1983 டிசம்பரில் முதற்பதிப்புக் கண்டு 2014 ஜனவரியில் பதிப்பு நின்ற நூல் இது. 796 சிசி, மூன்று சிலிண்டரால் முடிதலின் சிந்தியல் வெண்பா இனம். களங்கள் இரண்டு: சென்னை ஜி.பி. ரோடு, புதுப்பேட்டை. முன்னது புதிய பாகங்களின் பதிப்பகத் தெரு; பின்னது பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் சுவடி நிலையம்.

உதிரிபாகங்கள் பின்வருமாறு வகைப்படும்.

டயர்: தேயும்.

பேட்டரி: ஊருக்குக் கிளம்பும் விடிகாலையில் சாகும்.

வைப்பர்: மழை வந்தபின் நினைவுக்கு வரும்.

கிளட்ச் பிளேட்: இங்கே சற்று நிற்க வேண்டும். கடைக்காரர் “ஒரிஜினல் மாதிரியே இருக்கும்” என்றார். ‘மாதிரி’ உவம உருபு. மேஸ்திரியின் பில்லில் அவ்வுருபு மறைந்து, வெறும் ‘ஒரிஜினல்’ என நின்றது. உருபு மறைந்தால் உவமைத்தொகை. உருபு மறையத் தொகை ஏறும் என்பதை எந்த உரையாசிரியரும் சொல்லாமல் விட்டது வியப்பே (மேஸ்திரி, நேர்காணல், வண்டிக்கு அடியிலிருந்து).

ஏனைய தொகைகளும் பில்லில் உள. ‘ஆயில் ஃபில்டர்’ என்பதை ஆயிலுக்கான ஃபில்டர் என வேற்றுமைத்தொகையாக விரித்தேன் யான், ஆயிலும் ஃபில்டரும் என உம்மைத்தொகையாக விரித்தார் மேஸ்திரி (அதே மேஸ்திரி, டீக்குப் பின், ஒப்புநோக்குக: வடைக்கு முன் சொன்ன எஸ்டிமேட்). ‘ஓடுவண்டி’ வினைத்தொகை; ஓடிய வண்டியா, ஓடும் வண்டியா என்பதை விற்பவர் விரித்துச் சொல்வதில்லை. ‘இதர செலவு’ எதைக் குறிக்கிறது என்று அச்சொற்களுள் தேடினால் கிடைக்காது, ஆதலின் அன்மொழித்தொகை (கடைப்பையன், தலையசைப்பு, இருமுறை, மறுப்புக்குக் காண்க: முதலாளியின் முறைப்பு, கல்லாவுக்குப் பின்னிருந்து, சில்லறை எண்ணியவாறே).

இனி மூலபாடச் சிக்கல். கார் கம்பெனி எல்லாப் பாகத்தையும் தானே செய்வதில்லை. பெரும்பாலானவற்றை வேறு ஆலைகளிடம் வாங்குகிறது. ஸ்டார்ட்டர் மோட்டார், பிரேக் செய்யும் ஆலைகள் சென்னைப் பாடியிலேயே உள்ளன. இப்படி ஓர் ஆலையில் பிறந்த பொருள் கார் கம்பெனியின் பெட்டியில் ஏறினால் ஒரு விலை, ஆலையின் சொந்தப் பெட்டியில் ஏறினால் பெரும்பாலும் அதைவிடக் குறைந்த விலை. ஆகவே ‘ஒரிஜினல்’ என்பது பெட்டியின் பெயர் பொருளுக்கு ஆகிவந்த இடவாகுபெயர். இவ்விரண்டுக்கும் நடுவே, ஹோலோகிராம் வரை பார்த்து எழுதிய மூன்றாம் பெட்டியொன்றும் அலமாரியில் உண்டு. அது இடைச்செருகல்.

இடைச்செருகலைக் காண நம் அறிஞர்களிடம் எளிய முறை ஒன்றுண்டு: தம் கொள்கைக்கு ஒவ்வாத பாட்டெல்லாம் இடைச்செருகல், ஏட்டைப் புரட்ட வேண்டியதில்லை. கடைப்பையனுக்கு இம்முறை தெரியாது. அவன் பெட்டியைப் பிரித்து, பாக எண்ணைப் பழைய பிளேட்டின் எண்ணோடு ஒப்பிட்டு, விரலால் பல்லை எண்ணி, “இது வேணாம் சார்” என்றான். அவனுக்கு முனைவர் பட்டம் தர எந்தப் பல்கலைக்கழகமும் இதுவரை முன்வரவில்லை.

எஞ்சியது பிரேக் ஆயில். இது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை புதிதில் 205 டிகிரி வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும்; ஈரம் ஏறியபின் 140 தாங்கினாலே தேர்ச்சி. மலை இறக்கத்தில் அது கொதித்துக் குமிழியிட்டால் மிதி தரைவரை போகும், வண்டி நிற்காது. இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். இதற்குப் பாடபேதம் இல்லை.