நம்ம கலருக்கு எடுக்காது

மலேசியாவில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குப் பதினோரு வருடம் உடுப்புக் கவலையே கிடையாது. அந்தக் கவலையைப் படுவதற்குப் புத்ராஜெயாவில் ஓர் அமைச்சு இருக்கிறது. இடைநிலைப்பள்ளிப் பையன் என்றால் வெள்ளைச் சட்டை, பச்சைச் சிலுவார். பெண் என்றால் வெள்ளைச் சட்டைக்கு மேல் நீல பினாஃபோர், இல்லாவிட்டால் வெள்ளை பாஜு குரோங்கும் நீலப் பாவாடையும். அந்த நீலத்தை வானத்திலும் பார்க்க முடியாது, பத்து ஃபெரிங்கி கடலிலும் பார்க்க முடியாது. பள்ளிக்கூட வாசலில் மட்டும்தான் பார்க்கலாம். 1970-இல் நாடு முழுக்க ஒரே மாதிரி ஆக்கினார்கள். இன்றைக்கும் பெரிதாக மாறவில்லை.

மாறியது காலணி. என் காலத்தில் அது வெள்ளை. சனிக்கிழமை தேய்த்துக் கழுவி, ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சாயம் பூசி வாசற்படியில் காயவைத்தால், மிச்சத்தைத் திங்கட்கிழமை காலை பினாங்கு மழை பார்த்துக்கொள்ளும். 2018-இல் கல்வி அமைச்சராக இருந்த மஸ்லீ மாலிக், இனிமேல் கறுப்புக் காலணி என்று அறிவித்தார். ஊரே அவரைக் கேலி செய்து தீர்த்தது. துணி துவைக்கிற அம்மாக்களிடம் மட்டும் ஓட்டெடுப்பு வைத்திருந்தால் மனிதர் பிரதமராகியிருப்பார். 2025 ஏப்ரலில் இருந்து சட்டையில் ஜாலூர் கெமிலாங் சின்னமும் குத்த வேண்டும். பள்ளிச் சின்னம், பெயர்ப் பட்டை, தேசியக் கொடி என்று ஒரு பதின்மூன்று வயதுப் பையனின் நெஞ்சில் ஓய்வுபெற்ற கர்னலின் நெஞ்சில் இருப்பதைவிட அதிகச் சாமான் இருக்கிறது.

எங்களுக்கு இருந்த ஒரே சுதந்திரப் போராட்டம் சிலுவார்க் காலின் அகலம். தையல்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடிக் கணுக்காலில் இறுக்கிக்கொண்டு போவோம். கட்டொழுங்கு ஆசிரியர் சபைகூடலில் வரிசையாக வந்து, காலி போத்தலைக் கால் வழியாக உள்ளே விட்டுப் பார்ப்பார். போத்தல் நுழையாவிட்டால் தையல் அங்கேயே பிரிக்கப்படும். அன்றைக்குப் போராட்டம் பிய்ந்து தொங்கிய நிலையில் பஸ் ஏறி வீட்டுக்குப் போகும்.

இப்படி வளர்க்கப்பட்ட ஒரு பிள்ளையைப் பதினேழு வயதில் நிறுத்தி, “உனக்குப் பிடித்ததைப் போட்டுக்கொண்டு வா, போட்டோ எடுக்கலாம்” என்று சொன்னால் என்ன ஆகும்? பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. குடும்பம்தான் இரண்டுபடும்.

ஐந்தாம் படிவம் முடிகிற வருடத்தில் படத்துக்குப் பஞ்சமில்லை. முதலில் பள்ளி இதழுக்கான வகுப்புப் படம். முன்வரிசையில் பையன்கள் இரண்டு கையையும் முட்டியாக மடக்கித் தொடைமேல் வைத்துக்கொண்டு, யாரையோ குத்தப் போகிற தோரணையில் உட்கார்ந்திருப்பார்கள். அடுத்தது வகுப்பு டீ சட்டை. முதுகில் அத்தனை பேரின் பட்டப்பெயரும் இருக்கும். நிறத்துக்காக ஒரு மாதம் சண்டை நடந்து, கடைசியில் கறுப்பு என்று முடிவாகும். பிறகு வாடகை அங்கியும் சதுரத் தொப்பியும் போட்ட படம். இதில் பெற்றோருக்குக்கூடப் புல்லரிப்பதில்லை. பாலர் பள்ளியில் ஒரு முறை, ஆறாம் ஆண்டில் ஒரு முறை என்று பிள்ளை ஏற்கனவே பட்டம் வாங்கி வாங்கிப் பழகிவிட்டது. நாளைக்குப் பல்கலைக்கழகம் உண்மையான பட்டத்தை நீட்டும்போது அது பழைய வாடிக்கையாளரின் முகத்தோடுதான் மேடை ஏறும்.

இவ்வளவும் போதாதென்று என் சின்னக்கா மகள் தனிப்படம் கேட்டாள். கைப்பேசியில் அமெரிக்கப் பிள்ளைகள் பள்ளியின் கடைசி வருடத்தில் வயலிலும் ரயில் தண்டவாளத்திலும் நின்று, தாங்களே தேர்ந்தெடுத்த உடுப்பில் படம் எடுத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறாள். “மாமா, எனக்கும் அந்த மாதிரி ஒண்ணு வேணும். நான் செலக்ட் பண்ற டிரஸ்ல.” கடைசி வாக்கியத்தைச் சொன்ன விதத்தில் ஒரு மெர்டேக்கா தொனி இருந்தது.

அமெரிக்காவில் இந்த வழக்கம் நூற்றைம்பது வருடத்துக்கும் மேல் பழையது. 1860-களில் ஜார்ஜ் வாரன் என்ற புகைப்படக்காரர் ஹார்வர்ட், யேல் மாதிரியான கல்லூரிகளில் கடைசி வருட மாணவர்களைத் தனித்தனியாகப் படம் எடுத்து விற்றார். மாணவர்கள் ஒருவர் படத்தை ஒருவர் வாங்கி ஆல்பமாகக் கட்டிக்கொண்டார்கள். அதுவே பிற்காலத்தில் உயர்நிலைப்பள்ளி வரைக்கும் இறங்கி வந்தது. வேடிக்கை என்னவென்றால், சுதந்திரத்தின் தாயகமான அந்த நாட்டிலேயே பல பள்ளிகளில் ஆண்டு மலருக்கான படத்துக்குப் பெண்கள் எல்லாரும் தோளைச் சுற்றி ஒரே கறுப்புத் துணி, பையன்கள் எல்லாரும் ஒரே கோட்டு, ஒரே வில் டை. அந்தத் துணியும் கோட்டும் புகைப்படக்காரருடையவை. வரிசையில் ஒருவர் கழற்ற அடுத்தவர் மாட்ட வேண்டியதுதான். சில இடங்களில் கோட்டுக்கு முன்பக்கம் மட்டும்தான் உண்டு. முதுகில் காற்று வாங்கும்.

ஸ்டூடியோ கோட்டு நமக்குத் தெரியாததா! கும்பகோணமானாலும் கோலாலம்பூரானாலும், பழைய ஸ்டூடியோ என்றால் கண்ணாடி, சீப்பு, பவுடர் டப்பா, ஆணியில் ஒரு கோட்டு. எங்கள் தாத்தா அந்தக் கோட்டில்தான் ஹாலில் தொங்குகிறார். சொந்தமாக ஒரு கோட்டு வாங்கியதில்லை. ஆனால் கோட்டில்லாத தாத்தாவை எங்கள் வீட்டில் யாருக்கும் ஞாபகமில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெரியக்கா பட்டர்வொர்த்திலிருந்து பெறி ஏறி வந்துவிட்டார். பசியாறி முடித்து, கோப்பிக் கோப்பையை நகர்த்தி வைத்துவிட்டு விசாரணையைத் தொடங்கினார்.

“என்ன உடுத்தப் போற?”

“பிளாக் டிரஸ், பெரியம்மா.”

“கறுப்பா? நல்ல காரியம் நடக்குறப்ப?”

“அப்ப ஒயிட்.”

“வேணாம். அது எதுக்கு உடுத்துறதுன்னு உனக்குத் தெரியாது.”

“புளூ?”

“பதினோரு வருசம் போட்டது போதாதா?”

பச்சைக்கு வாய் திறக்குமுன்பே, அது பையன்கள் சிலுவார் என்று தள்ளுபடி ஆனது. சிவப்பு கல்யாணப் பெண்ணுக்கு. மிச்சம் இருந்தது மஞ்சள். அவள் கைப்பேசியில் ஒரு மஞ்சள் சேலையைக் காட்டினாள். நல்ல மஞ்சள். பெரியக்கா கண்ணாடியை ஏற்றிப் பார்த்து, தீர்ப்பை வாசித்தார்: “நம்ம கலருக்கு எடுக்காது.”

இந்தத் தீர்ப்பைக் கேட்காத தமிழ் வீடு உலகத்தில் இருக்கிறதா என்று தெரியவில்லை. மேல்முறையீடே கிடையாது. “நம்ம கலர்” என்று பன்மையில் சொல்வதால் யாரும் கோபித்துக்கொள்ளவும் முடியாது. ஆனால் இந்தச் சட்டத்தின் பூர்வீகத்தை ஆராய்ந்தால் அது மனுநீதியில் இல்லை; பிலிம் சுருளில் இருக்கிறது.

ஆரம்ப காலத்துப் புகைப்படத் தகடுகளுக்குச் சிவப்புத் தெரியாது. நீலத்துக்கு மட்டும் பாய்ந்து பாய்ந்து உருகும். அதனால் நீலச் சேலை வெளுத்து வெள்ளையாக விழும். அரக்குச் சிவப்புப் பட்டு கறுப்பாக விழும். பூட்டிகளின் படங்களில் நாம் பார்க்கிற பல கறுப்புச் சேலைகள் கறுப்பே அல்ல. சிவப்பை நம்பியிருக்கிற மனிதத் தோலும் அதே காரணத்தால் ஒரு படி கூடக் கறுத்தது. பிறகு வண்ணப் பிலிம் வந்தது. வந்தும் நமக்கு விடியவில்லை. கோடாக் நிறுவனம் படம் கழுவும் கூடங்களுக்கு ஓர் அட்டை அனுப்பும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண். முதலில் அப்படி உட்கார்ந்த ஊழியரின் பெயரால் அந்த அட்டைக்கே ஷெர்லி என்று பெயர். ஷெர்லியின் முகம் சரியாக வந்தால் இயந்திரம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். உலகத்தில் மற்ற எல்லாரும் ஷெர்லியோடு ஒத்துப்போக வேண்டியது.

பழுப்பு நிறங்கள் தெளிவாக விழவில்லை என்ற புகார் எப்போது கோடாக்கின் காதில் ஏறியது தெரியுமா? லோர்னா ராத் என்ற கனடாக்காரப் பேராசிரியை இதை விசாரித்து எழுதியிருக்கிறார். சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் முறையிட்ட பிறகாம். கறுப்புச் சாக்லேட்டும் பால் சாக்லேட்டும் விளம்பரத்தில் ஒரே மாதிரி தெரிகின்றன, அடர்நிற மரமும் வெளிர்நிற மரமும் வித்தியாசம் இல்லாமல் இருக்கின்றன என்று. ஆக, என் குடும்பத்தின் முகவெட்டு உலகத்துக்குத் துலங்கியதில் ஓர் அலமாரிக்கும் பங்கு உண்டு. கோளாறு பிலிமில் இருந்தது; பழி மஞ்சள் சேலைமேல் விழுந்தது. பிலிம் போய்ப் பல வருடம் ஆகியும் தீர்ப்பு மட்டும் செல்லுபடியாகிக்கொண்டிருக்கிறது.

இதையெல்லாம் பெரியக்காவிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். “சாக்லேட் சரி தம்பி. மஞ்சள் எடுக்காது” என்றார்.

லிட்டில் இந்தியாவுக்குப் போனோம். மார்க்கெட் ஸ்திரீட் முனையில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பது எஸ்.பி.எம் தேர்வில் எட் மேத்ஸ் பாஸாவதைவிடச் சிரமம். வழியெல்லாம் ஒலிபெருக்கியில் மூன்று கடை, மூன்று பாட்டு. கடைக்குள் போனால் சேலைகள் இறங்க ஆரம்பித்தன. மஞ்சளில் மட்டுமே எத்தனை மஞ்சள்! எலுமிச்சை, மாம்பழம், கடுகு, சாமந்தி, இன்னும் பெயர் வைக்காத சில. கடைக்காரர் ஒரு தலைப்பை எடுத்து அவள் தோளில் போட்டு, நீவி, இரண்டு விரலால் கொசுவம் பிடித்துக் கண்ணாடிப் பக்கம் திருப்பினார். கடை விளக்கில் எல்லா நிறமும் யோக்கியமாகத்தான் தெரியும். விவரம் தெரிந்த பெண்கள் அதை நம்புவதில்லை. பெரியக்கா ஒன்றும் பேசாமல் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கடை வாசல் அஞ்சடிக்கு நடந்தார். சேலை பின்னால் போனது. சேலைக்குள் இருந்த பிள்ளை அதற்குப் பின்னால் போனது. மறுமுனையைப் பிடித்திருந்த கடைக்காரரும் போனார். பகல் வெளிச்சத்தில் தலைப்பைப் பிள்ளையின் தாடைக்குக் கீழே வைத்து, இப்படித் திருப்பி, அப்படித் திருப்பிப் பார்த்தார். செண்டோல் வாங்கிக்கொண்டு போன இரண்டு சுற்றுலாப் பயணிகள் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் ஊரில் யாரோ ஒருவர் வீட்டில் இந்தக் குடும்பப்படம் இந்நேரம் இருக்கும்.

“ம்” என்றார் பெரியக்கா. அதற்கு என்ன பொருள் என்று கேட்க யாருக்கும் தைரியமில்லை. “வேற ஒண்ணு மெஜந்தால எடுத்து வச்சுக்க, எதுக்கும்” என்று மட்டும் சொன்னார்.

அடுத்த சிக்கல், எங்கே எடுப்பது. ஸ்டூடியோவா, வெளியிலா? படம் எடுக்கிற சீன இளைஞர் ஜார்ஜ்டவுன் சுவர்களைக் கரைத்துக் குடித்தவர். சியோங் ஃபட் ஸீயின் நீல மாளிகை முன்னால் நீலம் உடுத்தினால் தலை மட்டும் மிதக்கும். எஸ்பிளனேட் திடலுக்கு எதிரே 1903-இல் கட்டி முடித்த சிட்டி ஹால் வெள்ளை வெளேரென்று இருக்கும், அங்கே வெள்ளை உடுத்தியவர் கட்டடத்தோடு கரைந்துவிடுவார். ஆர்மேனியன் ஸ்திரீட்டில் 2012-இல் எர்னஸ்ட் ஸகாரெவிச் வரைந்த சைக்கிள் பிள்ளைகளின் சுவர் இருக்கிறது. அங்கே என்ன உடுத்தினாலும் கவலையில்லை, வரிசையில் நின்று முறை வருவதற்குள் அது வியர்வையில் நனைந்து நிறம் மாறியிருக்கும். பொடிக்கட்டம் வேண்டாம், டிஜிட்டல் கேமராவில் அலையடிக்கும் என்றார். கண்ணாடிச் சில்லு வைத்த லெங்கா வேண்டாம், ஃபிளாஷ் பட்டால் ஆளுக்குப் பதில் தீபாவளிதான் தெரியும் என்றார். எனக்குத் தெரிந்து உடுப்பு விஷயத்தில் காரணம் சொல்லி வேண்டாம் என்ற ஒரே மனிதர் அவர்தான்.

பையன்கள் கதையையும் சொல்லியாக வேண்டுமென்றால், பக்கத்து வீட்டுப் பையனும் ஐந்தாம் படிவம்தான். அப்பாவின் பாத்தேக் சட்டையைப் போட்டான், எடுத்தான், முடிந்தது.

கடைசியில் ஸ்டூடியோதான். ஏர்கோன் ஜெயித்தது. சேலை கட்டி முடித்தபோது முன்பக்கம் மகாராணி. பின்பக்கம் போய்ப் பார்த்தால் ரவிக்கை தொளதொளவென்று இருந்ததற்கு நான்கு துணிக் கிளிப்புகள், தலைப்புக்கு ஊசிகள், மல்லிகைச் சரத்துக்கு மேலும் இரண்டு ஊசி. சேலைக்குக் கீழே, படத்தில் விழாத இடத்தில், பள்ளிக்கூடத்துக் கறுப்புக் காலணி. வேறு செருப்பு கடிக்கிறதாம். மஸ்லீ மாலிக் பார்த்திருந்தால் மனம் குளிர்ந்திருப்பார்.

மெஜந்தா பையிலேயே இருந்தது. மஞ்சளில் எடுத்ததைக் கணினித் திரையில் பெரிதாக்கிக் காட்டினார்கள். சின்னக்கா மூக்கை உறிஞ்சினார். பிள்ளை தன் மூக்கைப் பற்றித்தான் ஏதோ குறை சொன்னாள். பெரியக்கா கண்ணாடியை ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றினார்.

“ஆண்டி, வெரி நைஸ் கலர் லா” என்றார் புகைப்படக்காரர்.

“கம்ப்யூட்டர்ல எல்லாம் நல்லாத்தான் தெரியும்” என்றார் பெரியக்கா.

புதன்கிழமை அவரிடமிருந்து தொலைபேசி. உடம்பு எப்படி, மழையா, மீன் என்ன விலை என்றெல்லாம் சுற்றிவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

“தம்பி, அன்னைக்கு மஞ்சள் எடுத்தோமே, அந்தக் கடை ஞாயித்துக்கிழமை திறந்திருக்குமா?”

“யாருக்குக்கா?”

“சும்மா கேட்டேன்லா. பெறியில வர்றேன், வண்டிய எடுத்துட்டு வந்துரு.”