டிக்கெட் இல்லாத காமெடி

இருட்டு அரங்கு, ஒற்றை மைக், ஐந்நூறு ரூபாய் டிக்கெட் என்றால் சென்னையில் அது ஸ்டாண்ட்-அப் காமெடி. மதுரைப் பக்கம் கோயில் திருவிழாவும் குழாய் ஸ்பீக்கரும் போதும்; பெயர் பட்டிமன்றம், இலவசம்.

அமெரிக்கன் கல்லூரித் தமிழ்ப் பேராசிரியர் சாலமன் பாப்பையா நடுவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இதைச் செய்தார். திருக்குறளுக்கு உரையும் எழுதினார். ஊர் மரியாதையாகத் தலையாட்டியது. 2007-இல் ‘சிவாஜி’ படத்தில் இரண்டு மகள்களின் அப்பாவாக வந்தார். சின்னப் பிள்ளைகளுக்கும் அவரைத் தெரிந்துவிட்டது. (வள்ளுவருக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை.) பத்மஸ்ரீ 2021-இல்தான் வந்தது.

அடுத்து டிவி மேடையேறிய மதுரை முத்துவோ உரை கிரை என்று சுற்றவில்லை. மூச்சுவிடாமல் கடி ஜோக்குதான். சிரிக்கலாமா என்று நாம் யோசிப்பதற்குள் அடுத்த ஜோக் வந்துவிடும். பட்டிமன்றத்திலாவது கடைசியில் ஒரு தீர்ப்பு உண்டு. இங்கே மேல்முறையீட்டுக்கும் வழியில்லை.