விழாச் சபைக்கு ஒரு நன்றி விஞ்ஞாபனம்

கண்டி

இலக்கிய விழாச் சபையின் கௌரவ செயலாளர் அவர்கள் சமுகத்துக்கு,



இவ்வருடத்து விழாவில் தங்கள் சபையாரால் பொன்னாடை போர்த்திக் கௌரவிக்கப்பெற்ற எழுத்தாளர்கள் ஒவ்வொருவரும், வெளிவரவிருக்கும் சிறப்பு மலரின்பொருட்டு, இரண்டு பக்கத்துக்கு மேற்படாத நன்றிக் கடிதம் ஒன்றையும், தமக்குப் பரிச்சயமான வர்த்தகப் பிரமுகர் ஒருவரிடம் பெற்ற முழுப்பக்க விளம்பரம் ஒன்றையும் மாத முடிவுக்குள் சேர்ப்பிக்க வேண்டுமென்று தாங்கள் விடுத்த சுற்றறிக்கை கிடைத்தது. இம்மாநகரில் எனக்குப் பரிச்சயமான வர்த்தகர், பழைய புத்தகங்களை நிறுத்து எடுக்கும் ஒருவர்தாம். அவரும் இவ்வருடத்தில் என்னிடமிருந்து ஏராளமாக வாங்கிச் சலித்திருக்கிறாராகையால், அவரிடம் விளம்பரமும் கேட்பது நியாயமன்று என்று விட்டுவிட்டேன். விளம்பரத்துக்கு ஈடாக நன்றியையே சற்றுத் தாராளமாக அனுப்புகிறேன். பக்கம் மிகுந்தால் தாட்சண்யம் பாராமல் வெட்டிக்கொள்ளலாம்.

முதற்கண் என் கதைப் புத்தகம் உண்டான விதத்தைச் சொல்லவேண்டும். விழாவிலே அதைப் பற்றி ஒருவரும் பிரஸ்தாபிக்கவில்லை. மலைநாட்டிலே எழுதப் புகுந்தவன் பெரும்பாலும் தானே பதிப்பாளனாகவும், தானே விநியோகஸ்தனாகவும், அச்சகத்திலிருந்து பஸ் நிலையம் வரையில் கட்டுகளைத் தோளிலே சுமந்துவரும் சுமையாளாகவும் இருக்கக் கடவன். 2022ஆம் ஆண்டு மார்ச்சில் காகிதம் கிடையாமையால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சையே ஒத்திவைக்கப்பட்டது நாடறிந்த சங்கதி. அன்று மலையேறிய காகித விலை பின்னர் இறங்கிவந்து பழைய ஸ்தானத்தில் அமர்ந்ததாக எந்த அச்சகத்தாரும் எனக்குச் சொல்லவில்லை. அதற்கப்பால் 2024 ஜனவரி முதலாகப் பெறுமதி சேர் வரி 18 சதவீதமாகி, புத்தகத்தையும் தன் வலையிலே சேர்த்துக்கொண்டபோது பலர் கோபித்தார்கள், நான் கோபிக்கவில்லை. என் கதைகள் சந்தையில் வைக்கத்தக்க சரக்குத்தானா என்று நம் விமரிசகர்கள் இருபது வருட காலமாக யோசித்துக்கொண்டிருக்க, அரசாங்கம் ஒரே நாளில் சரக்கென்று தீர்மானித்துவிட்டதே! அந்தத் தீர்ப்புக்கு என் முதல் நன்றி. இரண்டாவது நன்றி, வருடாந்தரம் அடகுக் கடைக்குப் போய் வரும் என் மனைவியின் சங்கிலிக்கு.

அச்சிட்டவை 300 பிரதிகள். அவற்றிற் சில, சட்டத்தின் பிரகாரம், அச்சகத்தாரால் அரசாங்கப் பதிவுக்கு இனாமாக ஒப்படைக்கப்பட்டன. அந்தச் சட்டம் 1885ஆம் வருடத்தது. அதே 1885இலேதான், இந்தக் கண்டியிலே பிறந்து வழக்கறிஞராக விளங்கிய சித்திலெப்பை அவர்கள், இலங்கையின் முதற்றமிழ் நாவலென்று போற்றப்படும் ‘அசன்பேயுடைய கதை’யை வெளியிட்டார்கள். நாவலையும், நாவலைப் பதிவு செய்யும் சட்டத்தையும் ஒரே வருடத்தில் ஈன்றெடுத்த புண்ணிய பூமி இது. பேராதனைப் பல்கலைக்கழக நூலகமும் சட்டப்படி பிரதி பெறும் ஸ்தாபனங்களுள் ஒன்றாகையால், ஹந்தானை மலைச்சாரலின் குளிர்ச்சியிலே, தூசி தட்டிய அலமாரியொன்றில், என் புத்தகம் என்னினும் நெடுங்காலம் வாழும் என்பதில் ஐயமில்லை. புத்தகத்தைக் காத்து வைக்கவேண்டுமென்று விதிக்கும் துணிவு அன்றைய வெள்ளைக்கார அரசாங்கத்துக்கு இருந்தது. வாசிக்க வேண்டுமென்று விதிக்கும் துணிவு இன்றளவும் எந்த அரசாங்கத்துக்கும் வரவில்லை.

வெளியீட்டு வைபவத்தை நான் விவரிக்க வேண்டுவதில்லை. தாங்களே தலைமை தாங்கினீர்கள். ஆனாலும், மண்டப வாயிலில் இட்டிருந்த அந்தச் சிறு மேசையைப் பற்றி ஒரு வார்த்தை. வருகிறவர் ஒவ்வொருவரும் கடித உறையொன்றை நீட்டுவதும், அதை வாங்கியவர் ஒரு மூலையைக் கிழித்து உள்ளிருப்பதை விரலால் நெருடிப் பார்த்து, கலியாண வீட்டில் மொய் எழுதுவதுபோலப் பெயரையும் தொகையையும் கொப்பியிலே பதிந்து, பிற்பாடு ஒரு பிரதியை எடுத்துக் கொடுப்பதுமான அந்தக் கிரமம் நம் தேசத்து இலக்கிய உலகின் பொருளாதார அஸ்திவாரம். என்னிடம் உறை கொடுத்தவர்களுடைய புத்தகங்கள் வெளியாகும்போது நானும் உறை கொண்டுபோக வேண்டியவன். ஆகவே விற்பனை என்று இதைச் சொல்வதைக் காட்டிலும் சுழல்நிதி என்று சொல்வதே பொருந்தும். முதற்பிரதியைப் பெற்றுக்கொண்ட புரவலர் மாத்திரம் இக்கணக்கில் அடங்காதவர். அவர் பொன்னிறத் தாளும் சிவப்பு நாடாவும் சுற்றிய அந்தப் பொதியை நெஞ்சோடு அணைத்துப் புகைப்படத்துக்கு நின்ற கம்பீரத்தை இன்றும் நினைத்து மகிழ்கிறேன்.

மகிழ்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. தங்கள் விழாவிலே பொன்னாடையுடன் எனக்கு நூற்பரிசென்று ஒரு பொதியும் வழங்கினீர்களல்லவா? வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தேன். அதே பொன்னிறத் தாள். அதே சிவப்பு நாடா. நான் என் கையால் இட்ட முடிச்சுக்கூட அவிழ்க்கப்படாமல் அப்படியே இருந்தது. அந்தப் புரவலர் தங்கள் சபைக்கு நூல்கள் அன்பளிப்புச் செய்தவர் என்பதை மலரின் முன்னைய இதழிலே வாசித்திருக்கிறேன். ஒரு நூலைக் கொண்டே நூலாசிரியனையும் புரவலரையும் விழாச் சபையையும் ஏககாலத்தில் கௌரவிக்கும் சிக்கனம் தங்களை அன்றி வேறு எவருக்கு வாய்க்கும்?

விழா நாளுக்கு வருகிறேன். காலியிலே 2007 முதல் ஆங்கில இலக்கிய விழாவொன்று நடைபெற்று வருவதையும், 2016 ஜனவரியில் அது கண்டிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் கிளை பரப்பியதையும் தாங்கள் அறிவீர்கள். காலியிலே கேட்க வருகிறவர் சீட்டு வாங்கவேண்டும். நம் சம்பிரதாயம் அதனினும் உன்னதமானது. இங்கே கேட்க வருகிறவர் ஒரு சதமும் கொடுக்க வேண்டியதில்லை, பேச வருகிறவரே பஸ் கட்டணம் முதலாக மண்டபச் செலவின் பங்கு ஈறாக யாவற்றையும் ஏற்றுக்கொள்கிறார். பிரதம அதிதி, விசேட அதிதிகள், கௌரவ அதிதிகள் என்று மேடையில் வீற்றிருந்தவர்களை எண்ணிப் பார்த்து, குத்துவிளக்கில் முகங்கள் போதாமையால் பக்கத்துக் கோயிலிலிருந்து இன்னொரு விளக்கை இரவல் வாங்கி வந்த தங்கள் சமயோசிதத்தை நான் சிலாகிக்கிறேன். என் நூலுக்கு நயவுரை நிகழ்த்திய பேராசிரியர் நேரமின்மையை உத்தேசித்து நூலுக்குள்ளே பிரவேசிக்காமல் பின்னட்டையோடு நிறுத்திக்கொண்டார். பின்னட்டைக் குறிப்பை எழுதியவன் நானே ஆதலால், அவருடைய அபிப்பிராயத்தோடு எனக்குப் பூரண உடன்பாடு.

அரங்குகளுக்கு முன்னோர்களின் நாமங்களைச் சூட்டியிருந்தது இன்னும் சிறப்பு. பிரதான மண்டபம் சி.வி. வேலுப்பிள்ளை அரங்கு, நுழைவாயில் சித்திலெப்பை வாயில், ரோல்ஸும் கட்லட்டும் பிளேன்டீயும் பரிமாறிய கூடம், போப்பிட்டியிலே பிறந்த அருள்வாக்கி அப்துல் காதிர்ப் புலவர் கூடம். விற்பனை மேசையிலோ இம்மூவருடைய எழுத்திலும் ஒரு வரிகூட இல்லை. 2000ஆம் ஆண்டிலே இதே கண்டியிலிருந்து தி. ஞானசேகரன் தொடங்கிய ‘ஞானம்’ சஞ்சிகையின் பழைய இதழொன்றாவது இருக்குமோ என்று தேடினேன். தங்கள் சபையின் நாட்காட்டி இருந்தது.

மடக்கொம்பரைத் தோட்டத்திற் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து முதற் பாராளுமன்றத்துக்குத் தெரிவாகி, மறுவருடமே இயற்றப்பட்ட பிரஜாவுரிமைச் சட்டத்தினால் தமக்கு வாக்களித்த ஜனங்களே நாடற்றவராகிப்போனதைக் கண்டு, ‘நாடற்றவர் கதை’ என்று ஒரு நூலும் எழுதிய அந்த வேலுப்பிள்ளை, தம் பெயர் பூண்ட அரங்கிலே அமர்ந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று என் மனம் சற்றே அலைந்தது. நன்றியுரை என்ற கலையில் அவருக்குப் பயிற்சி போதாது. அவருக்கு முன்னே தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மையார், தாம் இயற்றிய பாடல்களைச் சிறு பிரசுரங்களாக அச்சிட்டு, தொழிலாளர் கூட்டங்களிலே தாமே நின்று பாடினார். அந்த அம்மையாருக்கும் அதிதிகளை வரிசைப்படுத்தத் தெரிந்ததாகத் தகவல் இல்லை. இவ்விஷயத்தில் தங்கள் சபைக்கு ஏற்ற முன்னோடி, 1869இலே ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ பாடிய ஆபிரகாம் ஜோசப் என்பவர்தாம். தோட்டங்களைப் பற்றி அச்சேறிய ஆதிநூல்களுள் ஒன்றாகிய அதனைத் துரைமாருக்கு உகந்த பாட்டென்று ஆய்வாளர்கள் ஒதுக்குகிறார்கள். என்னைக் கேட்டால், அடுத்த வருடம் பிரதான அரங்குக்கு அவர் பெயரையே இடலாம். கோப்பி அழிந்து தேயிலை வந்தது. துரைமாரும் போய்ச் சேர்ந்தார்கள். அந்தக் கும்மியின் மெட்டு மாத்திரம் நம் மேடைகளில் அழியாமல் நிலைத்து நிற்கிறது.

எனக்களித்த பட்டத்துக்கும் நன்றி சொல்லவேண்டும். அரசாங்கம் வழங்கும் கலாபூஷணத்துக்கு அறுபது வயதேனும் ஆகியிருக்கவேண்டும். தங்கள் பட்டத்துக்கு அத்தகைய கடுமையான நிபந்தனை ஒன்றும் இல்லை என்பதை, அதே மேடையில் ஒலிபெருக்கிக்காரரின் புதல்வருக்கும் அதுவே சூட்டப்பட்டபோது தெளிந்தேன். பட்டத்தை என் கடிதத் தலைப்பில் அச்சிட உத்தேசம். சங்கிலி மீண்டும் வீடு வந்து சேரட்டும்.

நன்றியுரை நிகழ்த்தும் பாக்கியத்தை எனக்கே அளித்தீர்கள். சொல்லவேண்டிய நாமங்களைத் தங்கள் திருக்கரத்தால் எழுதித் தந்தீர்கள். எவர் எவ்வளவு உதவினாரோ அந்தத் தொகையின் வரிசையிலேயே அப்பட்டியல் அமைந்திருந்ததால் எனக்குக் குழப்பம் ஏற்படவில்லை. ஆயினும் நான் ஒலிபெருக்கியை அணுகிய வேளையில், புசல்லாவைக்கும் தெல்தோட்டைக்கும் ஹேவாஹெட்டைக்கும் போகவேண்டியவர்கள் கடைசிப் பஸ்ஸை நினைத்து எழுந்து போயிருந்தார்கள். யாருக்கு நன்றி சொல்லவேண்டுமோ அவர்களும் முன்னமே மோட்டார்களில் ஏறிவிட்டமையால், நாற்காலி அடுக்க வந்த பையன்கள் இருவரே அந்த நாமாவளியை முற்றாகச் செவிமடுத்தவர்கள். அவர்கள் பட்டியலில் இல்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். தோட்டப் பாடசாலை ஆசிரியை போலத் தோன்றிய ஓர் இளம்பெண், பஸ்ஸையும் தவறவிட்டு, மேடைப் படியண்டை நின்றிருந்தாள். தயங்கித் தயங்கி வந்து, “சேர், அந்தக் கணக்கப்புள்ள கடைசியில வேலைய விட்டுட்டு எங்க போனாரு? எங்க ஸ்கூல்ல புள்ளைங்க கேட்டுக்கிட்டே இருக்குதுக” என்றாள். என் மூன்றாவது கதையிலே, நாற்பத்திரண்டாம் பக்கத்தில், அந்தக் கணக்கப்பிள்ளையை நான் வேண்டுமென்றே வழியில் விட்டிருந்தேன். அது ஏன் என்று கேட்பார் ஒருவர் வரமாட்டாரா என்று காத்தும் இருந்தேன். பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள், குழுப்படம் எடுக்க வெளிச்சம் மறைகிறதென்று தங்கள் தொண்டர் அவளை அப்புறப்படுத்திவிட்டார். 2013இலே நம் தெளிவத்தை ஜோசப் அவர்களுக்குக் கோயம்புத்தூரில் விஷ்ணுபுரம் விருது வழங்கினார்கள். அங்கெல்லாம் வாசகர்கள் எழுத்தாளரைச் சூழ்ந்து உட்கார்ந்து, கதைகளைப் பற்றியே மணிக்கணக்காகக் கேள்வி கேட்பது வழக்கமாம். தங்கள் விழாவில் அவ்வகைத் தொந்தரவு எழுத்தாளனுக்கு நேராமல் காக்கும் ஏற்பாடு எத்துணை நேர்த்தியானது என்பதை அன்றுதான் நேரிற் கண்டேன். குழுப்படத்தில் என் முகம் சற்றே பக்கம் திரும்பியிருப்பதற்கு அந்தப் பெண் போன திசையே காரணம். மலரில் அதைப் பிரசுரிக்கும்போது, தோஷமென்று நினைத்து வெட்டிவிட வேண்டாம்.

கடைசியாக ஒரு சில்லறைக் காரியம். விழாவன்று விற்பனைக்கென்று இரண்டு கட்டுப் புத்தகங்களைத் தங்கள் பொருளாளரிடம் ஒப்படைத்தேன். பூச்செண்டுகளை வைக்க மேசை தேவைப்பட்டதால் கட்டுகள் பிரிக்கப்படாமல் காரியாலய அலுமாரிக்குள்ளே போயின. அலுமாரிச் சாவி பொருளாளரிடம் என்று தாங்களும், தங்களிடமென்று பொருளாளரும் சொல்லி வருகிறீர்கள். இருவரும் சேர்ந்து ஒரே நாளில் காரியாலயம் வருவது அபூர்வமென்று காவலாளி சொல்கிறார். அந்த ஆசிரியையின் பாடசாலை எது என்று இப்போது விசாரித்து அறிந்திருக்கிறேன்; ஒரு கட்டு அங்கே போகவேண்டும். எந்தச் சனிக்கிழமை முற்பகலில் இருவரும் வருவீர்கள் என்று ஒரு தபாலட்டையில் அறிவித்தால் நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். அலுமாரியிலிருந்து பஸ் வரையில் தூக்கிவர ஒரு பையன் போதும். அவன் கூலியை வழக்கம்போல் நானே கொடுத்துவிடுகிறேன், ரசீது வேண்டாம்.

இங்ஙனம்,
தங்கள் சபையின் பொன்னாடை பெற்ற
எழுத்தாளன்