அன்று பேட்டரிக்குக் காவல், இன்று ஆல்டர்னேட்டருக்கு

மார்டள்ளிப் பக்கத்துத் திருவிழாக்களில் பாட்டும் வெளிச்சமும் ஒரு காலத்தில் ஜீப்பில்தான் வந்தன. எங்கள் சின்னப்பா மைக் செட் வைத்திருந்தார். 1980-களில் கரண்டை நம்பி எங்கள் ஊரில் யாரும் கல்யாணத்துக்குப் பாட்டு வைக்க மாட்டார்கள். பன்னிரண்டு வோல்ட் ஆம்ப்ளிஃபயர், இரண்டு கூம்பு ஸ்பீக்கர், ஒரு டேப் ரெக்கார்டர், நாலைந்து பல்பு. இத்தனையும் ஓடியது ஒரே ஆசிட் பேட்டரியில். அந்த பேட்டரிக்குச் சார்ஜ் ஏறியது ஜீப்பின் டைனமோவில்.

கரண்டை நம்ப முடியாதது எங்கள் பகுதிக்கு ஒரு பழைய மனக்குறை. கொள்ளேகாலுக்குப் பக்கத்தில் இருக்கும் சிவசமுத்திரத்தில் 1902-லேயே காவிரியின் வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுத்தார்கள். அது 147 கிலோமீட்டர் கம்பியில் ஓடிக் கோலார் தங்க வயலுக்குப் போனது. அப்போது எங்கள் கொள்ளேகால் தாலுகா சென்னை மாகாணத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1956 நவம்பரில் மைசூர் மாநிலத்தோடு சேர்ந்தோம். 1997-ல் மைசூர் மாவட்டத்திலிருந்து பிரித்துச் சாமராஜநகர் மாவட்டத்தில் வைத்தார்கள். விலாசம் மாறிக்கொண்டே இருந்தது, வண்டியைத் தனக்கான பவர் ஹவுஸாக வைத்துக்கொள்ளும் பழக்கம் மட்டும் எங்களைவிட்டுப் போகவில்லை.

சின்னப்பா அந்த பேட்டரியைப் பார்த்துக்கொண்ட விதம் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. காலையில் ஆறு மூடியையும் திறந்து தண்ணீர் மட்டம் பார்ப்பார். குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவார். ஹைட்ரோமீட்டரை விட்டு ஆசிட்டை உறிஞ்சி, மிதவை 1250-க்கு மேலே நிற்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். டெர்மினலில் பூத்த பச்சையை வெந்நீர் ஊற்றிக் கழுவி கிரீஸ் தடவுவார். "பாதிக்குக் கீழ எறக்கிட்டா ஈயம் செத்துப் போயிரும்டா" என்பார். அவர் சொன்னது சரிதான். ஈயத் தகட்டில் படியும் சல்பேட், இறங்கிய நிலையிலேயே நாள்கணக்கில் கிடந்தால் கெட்டிப்பட்டுவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் கரையாது.

டைனமோவைப் பற்றி அவர் கவலைப்பட்டதே இல்லை. அதற்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்து டைனமோ முழு வேகத்தில் ஓடினாலும் 20, 25 ஆம்பியருக்கு மேல் தராது. மாதா தேருக்கு முன்னால் ஜீப் ஊர்ந்து போகும்போது ஒன்றுமே தராது. இஞ்சின் மெதுவாக ஓடினால் கட்-அவுட் திறந்துகொள்ளும், டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும். ஊர்வலம் முழுக்க பேட்டரி தனியாகத்தான் இழுக்க வேண்டும். மறுநாள் மாதேஸ்வரன் மலைக்கு ஆள் ஏற்றிப் போய் வந்தால்தான் போனது திரும்பி வரும். அதுவும் போதாவிட்டால் ஹனூரைத் தாண்டிக் கொள்ளேகால் போய், பேட்டரிக் கடையில் ஓர் இரவு வைத்துவிட்டு வர வேண்டும்.

டைனமோ பிழைத்ததற்கு இன்னொரு காரணம் ஆசிட் பேட்டரியின் குணம். வெறுமையாக இருக்கும்போது ஆவலாக இழுக்கும். முக்கால் பங்கு நிரம்பியதும் உள்ளே தடை கூடிவிடும், ஆம்பியர் தானாகவே இறங்கிவிடும். யாரும் சொல்லாமலே அது தன்னை அடக்கிக்கொள்ளும். அதனால்தான் ஒன்றும் படிக்காதவர்கூட இரண்டு கம்பியை நேராக இழுத்து மாட்டி, வருஷக்கணக்கில் வேலை நடத்த முடிந்தது.

இப்போது அந்த வேலையைச் சின்னப்பாவின் பேரன் செய்கிறான். ஜீப்புக்குப் பதில் பிக்கப் வேன், கூம்புக்குப் பதில் பாக்ஸ் ஸ்பீக்கர், ஆசிட்டுக்குப் பதில் லித்தியம் அயர்ன் பாஸ்பேட். நூறு ஆம்பியர்-அவர் ஆசிட் பேட்டரியைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். ஏறக்குறைய முப்பது கிலோ. அதே அளவு லித்தியம் அதில் பாதிகூட இல்லை. தண்ணீர் ஊற்ற வேண்டாம். பாதியோடு நிறுத்த வேண்டாம், எண்பது சதவீதம்வரை தாராளமாக எடுக்கலாம். ஆசிட் பேட்டரி சில நூறு முறை ஏறி இறங்கினால் தளர்ந்துவிடும், இது இரண்டாயிரத்தைத் தாண்டும்.

இந்த பேட்டரி பிறந்த கதையில் நம்மவர் கையும் இருக்கிறது. தமிழ்நாட்டின் அமராபுரம் என்ற சிற்றூரில் பிறந்து, மதுரையிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் படித்த ஆறுமுகம் மந்திரம், 1980-களில் விஞ்ஞானி ஜான் குட்இனஃபோடு சேர்ந்து, சல்பேட் போன்ற அயனிக் கூட்டங்களைக் கொண்ட இரும்புச் சேர்மங்களை மின்முனையாக்கிப் பார்த்தார். அந்தத் தடத்தில்தான் 1997-ல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்திலிருந்து நஞ்சுண்டசுவாமி, பாதி, குட்இனஃப் மூவரும் இரும்பு பாஸ்பேட் மின்முனையை வெளியிட்டார்கள். அதில் ஆக்சிஜனை பாஸ்பரஸ் இறுகப் பிடித்துக்கொள்வதால் மற்ற லித்தியம் வகைகளைப்போல எளிதில் தீப்பிடிக்காது. 2019-ல் குட்இனஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் உரையாற்றியவர் மந்திரம். எங்கள் பிள்ளைகளிடம் இதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

இவ்வளவு நல்ல பேட்டரியை ஆல்டர்னேட்டரில் நேராக மாட்டினால் என்ன ஆகும் என்பதைப் பக்கத்து ஊர்த் திருவிழா ஒன்றில் பார்த்தேன். ஒரு வேன்காரர் வண்டி பேட்டரியிலிருந்து கம்பி இழுத்துப் பின்னால் இருந்த லித்தியத்தில் சேர்த்திருந்தார். பேட்டரி பாதிக்குமேல் காலி. தேர் ஊர்ந்தது, வேனும் ஊர்ந்தது. ஊர்வலம் பாதித் தெருவைத் தாண்டுவதற்குள் பானெட்டிலிருந்து காயில் வார்னிஷ் கருகும் வாடை. ஆல்டர்னேட்டர் போய்விட்டது.

லித்தியத்துக்கு உள்தடை மிகக் குறைவு. கொடுப்பதை எல்லாம் வாங்கிக்கொள்ளும், ஏறக்குறைய நிரம்பும்வரை வேகம் குறையாது. ஆல்டர்னேட்டரின் மேல் 90 ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும் அது சில நிமிஷம் ஓடிக்காட்டும் அளவு. மணிக்கணக்கில் அப்படியே தரும் என்று நினைக்கக் கூடாது. டைனமோவைப்போல இது மெதுவான ஓட்டத்தில் கைவிரிப்பதில்லை. அங்கேதான் ஆபத்து. 14 வோல்ட்டில் 60 ஆம்பியர் தந்தால் வெளியே போவது 840 வாட். ஏறக்குறைய அதே அளவு வெப்பம் ஆல்டர்னேட்டருக்குள்ளேயே தங்கும். அதை ஊதித் தள்ளும் விசிறி அதன் தண்டிலேயே இருப்பதால், இஞ்சின் மெதுவாக ஓடினால் விசிறியும் மெதுவாகத்தான் சுழலும். தேருக்கு முன்னால் ஊர்வதும், முதல் கியரில் மலை ஏறுவதும் ஆல்டர்னேட்டருக்கு மிகக் கடினமான நேரம். எங்கள் வண்டிகளுக்கோ அதுவே அன்றாட வேலை.

இன்னொன்றும் உண்டு. லித்தியத்துக்குள் பி.எம்.எஸ். என்ற காவல் பலகை இருக்கிறது. வோல்ட் கூடினாலோ சூடு கூடினாலோ பேட்டரியைக் காப்பாற்ற அது சட்டென்று தொடர்பை அறுத்துவிடும். ஓடிக்கொண்டிருக்கிற ஆல்டர்னேட்டருக்கு அந்த நொடியில் கரண்டைக் கொட்ட இடமில்லை. வோல்ட் பல மடங்கு எகிறும். டயோடு பிளேட் போகும், சில நேரம் வண்டியின் கம்ப்யூட்டரும் போகும். வண்டியின் சொந்த ஆசிட் பேட்டரி அதே இணைப்பில் இருந்தால் இந்த அடியில் பெரும்பகுதியை அது வாங்கிக்கொள்ளும். அதைக் கழற்றிவிட்டு லித்தியத்தை மட்டும் வைப்பவர்களைக் கண்டால் நான் வேண்டாம் என்று கும்பிட்டுச் சொல்கிறேன்.

எங்கள் பையன் வேனில் இப்படிச் செய்திருக்கிறோம். வண்டி பேட்டரி அதன் இடத்திலேயே இருக்கிறது. அதன் பாசிட்டிவ் டெர்மினலை ஒட்டி ஒரு ஃபியூஸ், அங்கிருந்து தடித்த செம்புக் கம்பி, நடுவில் முப்பது ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர், அதற்கப்புறம் இன்னொரு ஃபியூஸ், பிறகுதான் லித்தியம். சார்ஜர் முப்பதுக்கு மேல் இழுக்க விடாது. இஞ்சின் ஓடினால்தான் வேலை செய்யும். காலியான பேட்டரி நிரம்ப நாலு மணி நேரம் ஆகிறது, ஆகட்டும். பேட்டரியைப் பானெட்டுக்குள் வைக்காமல் காற்றுப் படும் இடத்தில் வைத்தோம். 45 டிகிரிக்கு மேல் அதற்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது.

சார்ஜர் வைக்க இன்னொரு காரணமும் உண்டு. 2020-க்குப் பின் வந்த பி.எஸ்.6 வண்டிகள் பலவற்றில் டீசல் மிச்சம் பிடிக்க ஆல்டர்னேட்டர் வோல்ட்டை வண்டியே ஏற்றி இறக்குகிறது. சில நேரம் அது பதின்மூன்றுக்கும் கீழே போய்விடும். நேராக மாட்டிய லித்தியம் அப்போது நிரம்பாது. சார்ஜர் இருந்தால் குறைந்த வோல்ட்டையும் தூக்கி 14.4-ஆகத் தரும்.

"பெரியப்பா, சார்ஜருக்குன்னு தனியாப் பணம் போடணுமா?" என்று பையன் முதலில் தயங்கினான். சின்னப்பா தினமும் காலையில் மூடி திறந்து பார்த்த உழைப்பை நாம் இப்போது பேட்டரிக்குத் தருவதில்லை. அந்த உழைப்புக்கு ஈடாகத்தான் இந்தப் பணம். தன்னைத் தானே அடக்கிக்கொள்ளத் தெரிந்த பேட்டரியை விட்டுவிட்டு அது தெரியாததை வாங்கியிருக்கிறோம். அளவை இனி நாம்தான் வைக்க வேண்டும். ஐ.டி.ஐ. முடித்து வயரிங் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு முதல் வாரத்திலேயே இதைச் சொல்லித்தர வேண்டும். லித்தியம் விற்கிறவர்களும், "உங்க வண்டி ஆல்டர்னேட்டர் எத்தனை ஆம்பியர்?" என்று கேட்டுவிட்டு விற்க வேண்டும். அந்தக் கேள்வி கேட்காத கடையில் எங்கள் பிள்ளைகளை நான் பேட்டரி வாங்க விடுவதில்லை.